இலவச உண்ணி பொறுக்கும் நிலையம்

சடக்... சடக்... சடக்...

புதருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் மட்டும் வந்தது. தண்ணீர் குடிக்க வந்த புள்ளிமான் பூரணி காதை நிமிர்த்தி நின்றது. சுள்ளி ஒடிகிற சத்தம் இல்லை. எலும்பு கடிபடுகிற சத்தமும் இல்லை. கூடவே யாரோ சுகமாக முனகுவதும் கேட்டது.

பூரணி மெல்லப் புதரை விலக்கிப் பார்த்தது.

கோரைக்குளத்தின் கரையில் காட்டெருமை அமாவாசை நாலு காலையும் நீட்டிக்கொண்டு கிடந்தது. அதன் முதுகில் பத்துப் பன்னிரண்டு மைனாக்கள். ஒரு மைனா உண்ணியைப் பிடுங்கும். அலகில் வைத்து நசுக்கும். சடக்! அடுத்த மைனா அடுத்த உண்ணி. சடக்! ஒவ்வொரு சடக்குக்கும் அமாவாசை, "ஆகா... அங்கதான்... கொஞ்சம் கீழ..." என்று முனகியது.

மேலே கிளையில் உட்கார்ந்து ஒரு வால்காக்கை மேற்பார்வை பார்த்தது. பெயர் சிங்காரம். உடம்பைவிட வால் நீளம். வாலைவிட வாய் நீளம்.

"வாங்கக்கா, வாங்க! இலவச உண்ணி பொறுக்கும் நிலையம்! காட்டுல யாரா இருந்தாலும் வரலாம்!" என்றது சிங்காரம்.

"பதிலுக்கு என்ன தரணும்?" என்று பூரணி கேட்டது.

"தரணுமா? என்னக்கா இப்படிப் பிரிச்சுப் பேசுறீங்க! உங்க அரிப்பு தீர்ந்தா அதுவே எங்களுக்குப் போதும்! இந்த இலையில குளம்பை மட்டும் ஒரு அழுத்து அழுத்துங்க."

ஒரு பெரிய தேக்கிலை. மேலிருந்து கீழ்வரை அலகால் கொத்திய பொடிப்பொடி ஓட்டைகள்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"வழக்கமானதுதான்!"

எது வழக்கம் என்று பூரணி கேட்டிருக்கலாம். ஆனால் அதற்கு வலது காதுக்குள் ஏழு உண்ணி. மூன்று நாளாகத் தூக்கமில்லை. காதுக்குள் அரிக்கும்போது யாரும் தேக்கிலையை வாசித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். பூரணி குளம்பை அழுத்தியது.

பூரணியிடம் ஒரு ரகசியம் இருந்தது. அது குட்டி போட்டு ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. மான்கள் பச்சைக்குட்டியைக் கூட்டிக்கொண்டு திரியாது. உயரமான புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டு, காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை போய்ப் பால் கொடுக்கும். மற்ற நேரமெல்லாம் அந்தப் பக்கமே போகாது. குட்டியும் தாய் வரும்வரை அசையாமல் கிடக்கும். இடம் தெரியாதவரை குட்டிக்கு உயிர்.

ஆகவே, வாயைத் திறக்கக் கூடாது என்ற உறுதியோடு பூரணி படுத்தது. மைனாக்களும் எதுவும் கேட்கவில்லை. உண்ணியைப் பிடுங்கின. வாலில் ஒட்டியிருந்த நாயுருவி விதைகளை எடுத்தன. குளம்பு இடுக்கில் இருந்த செம்மண்ணைச் சுரண்டின.

"அதை ஏம்மா எடுக்குறீங்க? வெறும் குப்பைதானே?"

"உங்களுக்கு ஏன்க்கா சிரமம்! நாங்களே கொண்டுபோய்க் கொட்டிடுறோம்!"

எவ்வளவு நல்ல பிள்ளைகள் என்று பூரணி நினைத்துக்கொண்டது.

மறுநாளும் போனது. அதற்கு மறுநாளும் போனது. இப்போது மைனாக்கள் தாமாகவே யோசனை சொல்ல ஆரம்பித்தன.

"அக்கா, மேட்டு நெல்லிமரத்தடியில இன்னிக்குக் காய் கொட்டிக் கிடக்கு. உங்களுக்குப் பிடிக்குமே!"

பூரணி வியந்துபோனது. "நெல்லிக்காய் நினைப்பு எனக்கே இப்பத்தான் வந்துச்சு!"

"அதுதான் இவங்க திறமை!" என்றது பக்கத்தில் கிடந்த அமாவாசை. "எனக்குப் பசிக்கிறதுக்கு முன்னாலயே எனக்குப் பசிக்கும்னு சொல்லிடுறாங்க! நான் இப்ப யோசிக்கிறதையே விட்டுட்டேன்."

"முன்னாடி மட்டும் யோசிச்சு என்னத்தைக் கிழிச்சீரு?" என்று குளத்தின் சேற்றுப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

காட்டுப்பன்றி பேச்சிமுத்து. மூக்கு நுனியும் இரண்டு கண்ணும் தவிர மற்றதெல்லாம் சேறு. அது உண்ணி நிலையத்தில் குளம்பு வைக்கவில்லை. உண்ணி பிடித்தால் சேற்றில் புரளும். சேறு காய்ந்ததும் மருதமரத்தில் போய் உரசும். சேற்றுப் பொருக்கோடு உண்ணியும் உதிர்ந்துவிடும். பார்க்கக் கண்றாவியாக இருக்கும். பேச்சிமுத்து அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

"நீயும் வந்து படுக்கலாமேய்யா. ஏன் இப்படி அழுக்குல கிடக்கிற?" என்றது அமாவாசை.

"என் முதுகுல என்ன இருக்குன்னு எவனும் பாக்க வேணாம்."

"ஒளிக்கிறதுக்கு ஏதாச்சும் இருக்கிறவன்தான் அப்படிப் பேசுவான். எனக்கு ஒளிக்க ஒன்னுமே இல்லப்பா!"

"அப்படியா? நேத்து உமக்கு வயித்தால போச்சே, அப்ப எதுக்கு அவ்வளவு பெரிய உடம்பைத் தூக்கிக்கிட்டுக் காரைப்புதருக்குப் பின்னால ஓடினீரு? இங்கயே நடுக்கரையில போயிருக்க வேண்டியதுதானே!"

மைனாக்கள் கொல்லென்று சிரித்தன. அமாவாசைக்குக் கறுப்பு முகம் இன்னும் கறுத்தது. பூரணிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு மறந்தும்விட்டது.

இரண்டு நாள் கழித்து, நிலையத்துக்குத் தினமும் வரும் முயல் குமுதா கரையில் உட்கார்ந்து அழுதது. அதன் குட்டிகள் மூன்றும் காணோம். புல்குழியில் முடி மட்டும் கிடந்தது.

"நான் யார்கிட்டயும் சொல்லலியே! என் வீட்டுக்காரர்கிட்டகூட இடத்தைச் சொல்லலியே!"

"விதி" என்றது அமாவாசை. "வருத்தமா இருந்தா கொஞ்சம் உண்ணி பொறுக்கிக்கிட்டுப் போ. மனசு லேசாகும்."

சிங்காரமும் தலையைக் குனிந்து இரங்கல் தெரிவித்தது. பிறகு பூரணியைப் படுக்கச் சொன்னது. ஒரு சின்ன மைனா பூரணியின் வயிற்றுப் பக்கம் வேலை செய்தபடி அன்பாகச் சொன்னது:

"அக்கா, பால் கட்டிக்கிட்டு வலிச்சா ஆலம்விழுது நுனியைக் கடிச்சுத் தின்னுங்க. சரியாயிடும்!"

பூரணி சட்டென்று தலையைத் தூக்கியது.

"எனக்குப் பால் இருக்குன்னு உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா! மடிகிட்ட முடி நனைஞ்சு ஒட்டியிருக்கு. காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. மத்த நேரம் காய்ஞ்சிருக்கு. அவ்வளவுதான்!"

சொன்ன மைனாவைச் சிங்காரம் மேலிருந்து முறைத்தது. மைனா வாயை மூடிக்கொண்டது. பூரணி எழுந்தது. எங்கே போவதென்று தெரியாமல் சேற்றுப் பக்கம் போனது.

"அண்ணே, ஒரு விஷயம்."

"இப்பத்தான் நான் அண்ணனா? நேத்து வரைக்கும் நாத்தம் புடிச்சவன்."

"அண்ணே, எனக்குக் குட்டி இருக்கு. நான் யார்கிட்டயும் சொல்லல. ஆனா அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

பேச்சிமுத்து கேலியை நிறுத்தியது. சேற்றிலிருந்து எழுந்தது.

"வா தாயி. சத்தமில்லாம வா."

குளத்துக்குப் பின்னால் ஒரு இடிந்த புற்று. அதன் மறைவில் இருவரும் படுத்தார்கள். எதிரே ஆலமரத்தடியில் சின்னச்சின்னக் குவியல்கள். எருமை முடி ஒரு குவியல். முயல் முடி ஒரு குவியல். விதைகள் தனி. மண் தனி. செம்மண், கரிசல், களிமண் என்று அதிலும் பிரிவினை. கொண்டுபோய்க் கொட்டிவிடுவதாகச் சொன்ன குப்பையெல்லாம் இங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தது. நடுவில் சிங்காரம். அதற்கு எதிரே நரி குணசீலன்.

"முயல் விஷயம் அருமை. நேராப் போனேன், முடிஞ்சுது. மான் குட்டி எங்க இருக்கு? அதைச் சொல்லு" என்றது குணசீலன்.

"பொறுங்க. செம்மண்ணும் நாயுருவியும் சேர்ந்து இருக்கிற இடம் காட்டுல மூணு. எந்த மூணுன்னு தெரியும். அதுல எதுன்னு தெரியல. நாளைக்குக் காலையில அவ வருவா. காதுக்குள்ளயோ வயித்துலயோ இன்னும் ஒரு விதை கிடைச்சா முடிஞ்சுது."

"மூணையும் தேடிப் பாத்துட்டா?"

"உங்க வாடை பட்டா தாய் அன்னிக்கே குட்டியை மாத்திடுவா. ஒரே தடவை. நேரா போகணும். வழக்கம்போல எங்களுக்கு ஈரலும் குடலும்!"

"தயங்காமத் தர்றேன். உனக்கு மனசு உறுத்தாதா சிங்காரம்?"

"எதுக்கு உறுத்தணும்? நான் யார் குட்டியையும் தொடலியே! விதையைப் பாத்தேன், மண்ணைப் பாத்தேன், சொன்னேன். தின்னது நீங்கதானே! அவங்களே தேக்கிலையில குளம்பு வச்சுக் குடுத்திருக்காங்க!"

பூரணி எழப் பார்த்தது. ஓடிப்போய்க் குட்டியை வேறு இடத்துக்கு மாற்றிவிட வேண்டும் போலிருந்தது. பேச்சிமுத்து தன் கனத்த காலை அதன் முன்னங்கால்மேல் வைத்து அழுத்தியது. குணசீலன் போனதும்தான் எடுத்தது.

"விடுண்ணே! நான் இனிமே அந்தப் பக்கமே வரமாட்டேன்!"

"நீ வராம இருந்தா அதுவும் அவனுக்கு ஒரு சேதிதான். 'மானுக்குச் சந்தேகம் வந்துடுச்சு, இன்னிக்கே மூணு இடமும் தேடு'ன்னு சொல்லிடுவான். இப்ப ஓடினாலும் மேலயிருந்து மைனா பாக்கும்."

"அப்ப என்னதான் பண்றது? எனக்குப் பொய் சொல்லவும் வராது."

"உன்னை எவன் பேசச் சொன்னான்? நீ பேசியா இவ்வளவும் தெரிஞ்சுது?"

பூரணி யோசித்தது. பிறகு மெல்லக் கேட்டது: "நான் பேசாமலே என் உடம்பு உண்மையைச் சொல்லுச்சுன்னா... நான் பேசாமலே அது பொய்யும் சொல்லுமில்ல?"

பேச்சிமுத்து அதை ஏற இறங்கப் பார்த்தது. "மான் மூளை சின்னதுன்னு எங்க கூட்டத்துல சொல்லுவாங்க. சொன்னவனைப் போய்க் கேக்கணும்."

"அண்ணே, யார் போனாலும் திரும்பி வராத இடம் ஏதாவது தெரியுமா?"

"திரும்பி வரலாம். உட்கார முடியாது" என்றது பேச்சிமுத்து. "தாழை ஓடைக்குப் போ. சுண்ணாம்பு மாதிரி வெள்ளை மண்ணு. கரையெல்லாம் ஒட்டுப்புல்லு. அங்க ஒரே ஒரு தாழம்புதர்தான் பெருசு. போன மாசம் தெரியாம நான் அதுலதான் பின்பக்கத்தைச் சொறிஞ்சுக்கிட்டேன். உள்ள கதண்டுக் கூடு. மூணு நாள் நின்னுக்கிட்டே தூங்கினேன் தாயி."

கதண்டு என்றால் கட்டைவிரல் மொத்தத்துக்கு இருக்கும் குளவி. ஒன்று கொட்டினாலே ஊரைக் கூட்டிக் கத்த வேண்டியிருக்கும்.

மறுநாள் விடிந்ததும் பூரணி குட்டிக்குப் பால் கொடுத்தது. வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றது. குட்டி அதன் முகத்தையே பார்த்தது. "அசையாம கிட" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியது.

முதலில் பேச்சிமுத்துவின் சேறு.

"இதுலயா?" பூரணி மூக்கைச் சுளித்தது.

"அழகா இருந்தது போதும் தாயி, இறங்கு!"

பூரணி கண்ணை மூடிக்கொண்டு புரண்டது. நாயுருவியும் செம்மண்ணும் பால் வாடையும் சேற்றோடு போயின. பிறகு குளத்தின் மறுகரையில் குளித்தது. அங்கிருந்து தாழை ஓடை. வெள்ளை மண்ணில் நாலு குளம்பையும் அழுத்தித் தேய்த்தது. ஒட்டுப்புல்லில் உடம்பை உரசியது. பெரிய தாழம்புதரில் இருந்து நான்கு முழம் தள்ளி ஒரு பூ விழுந்து கிடந்தது. அதன் மாவு போன்ற மகரந்தத்தைக் கழுத்தில் தடவிக்கொண்டது. புதருக்குள் ஊய்ங் என்று ஒரு சத்தம். பூரணி திரும்பிப் பார்க்காமல் நடந்தது.

நிலையத்தில் அமாவாசை வழக்கம்போல் கிடந்தது. பூரணி அதன் பக்கத்தில் படுத்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. அதையும் மைனா கவனிக்குமோ என்று பயம். மூச்சை இழுத்து இழுத்து விட்டது.

ஒரு மைனா வெள்ளை மண்ணைச் சுரண்டியது. இன்னொன்று ஒட்டுப்புல்லை உருவியது. மூன்றாவது கழுத்தை மோந்து பார்த்துவிட்டுப் பறந்துபோய்ச் சிங்காரத்தின் காதில் ஏதோ சொன்னது.

"அக்கா, இடம் கிடம் மாத்திட்டீங்களா?" சிங்காரம் தேனொழுகக் கேட்டது.

"எந்த இடம் தம்பி?"

"ஒன்னுமில்லக்கா! சும்மா கேட்டேன்! நல்லாப் படுங்க! இன்னிக்கு உங்களுக்கு வால் வரைக்கும் சிறப்புச் சேவை!"

ஒரு மைனா நரி இருக்கும் திசையில் பறந்தது. பூரணி பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தது. நரி ஒருவேளை பழைய மூன்று இடங்களில் ஒன்றுக்குப் போனால்? ஒவ்வொரு சடக்கும் அதற்கு எலும்பு நொறுங்கும் சத்தமாகக் கேட்டது.

வெயில் கரைக்கு வரும் நேரத்தில் தூரத்தில் ஒரு ஊளை எழுந்தது. அதைத் தொடர்ந்து இன்னும் இரண்டு. நரிகள் சாதாரணமாக அப்படி ஊளையிடாது. அதில் அம்மா, அப்பா, குலதெய்வம் எல்லோரும் இருந்தார்கள்.

"தாழை ஓடைப் பக்கம் யாரோ பஜனை நடத்துறாங்க போல" என்றது பேச்சிமுத்து.

கொஞ்ச நேரத்தில் குணசீலன் வந்தது. மூக்கு இருந்த இடத்தில் ஒரு கத்தரிக்காய். கண் இருந்த இடத்தில் இரண்டு கோடு. பின்னால் அதன் மச்சான்கள் இரண்டு பேர், அதே லட்சணத்தில்.

"டேய் சிங்காரம்! 'பெரிய தாழம்புதர், தலையை உள்ள விட்டுத் தேடுங்க'ன்னா சொல்லி அனுப்பின?"

"தகவல் சரியாத்தான்... நான்..." தாழ்ந்த கிளையில் இருந்த சிங்காரம் பறக்கப் பார்த்தது. ஒரு நொடி தாமதம். அந்த நீண்ட வால் குணசீலன் வாயில் மாட்டியது. சிங்காரம் தப்பிவிட்டது. வால் தப்பவில்லை.

"பாத்துக்கங்க எல்லாரும்!" என்று பூரணி கத்தியது. அதற்கு அவ்வளவு சத்தமாகக் கத்தத் தெரியும் என்று அதற்கே தெரியாது. "நம்ம முதுகுல எடுத்த குப்பையை வச்சுத்தான் இந்தச் சிங்காரம் குமுதா குட்டிகளை நரிக்குக் காட்டிக் கொடுத்தான்! வாங்க, காட்டுறேன்!"

வீங்கிய முகத்தோடு நரிகள் நழுவிவிட, மற்ற எல்லோரும் ஆலமரத்தடிக்குப் போனார்கள். குவியல்களைப் பார்த்தார்கள். குமுதா தன் முடிக் குவியலின் முன்னால் உட்கார்ந்துவிட்டது. அது அழவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தது.

அமாவாசை தன் குவியலை முகர்ந்தது. "என்னைப் பத்தியும் வச்சிருக்கானா?"

அகப்பட்டுக்கொண்ட சின்ன மைனா நடுங்கிக்கொண்டே ஒப்பித்தது: "எந்தப் புல்லு தின்னா எருமை அண்ணனுக்கு வயித்தால போகும், எந்தக் கிழமை போகும், எந்தப் புதருக்கு ஓடும், எல்லாம் இருக்குங்க."

"என்னது! கிழமை வரைக்குமா!" அமாவாசை கொம்பைச் சிலுப்பியது. மூன்று முயல்குட்டிகள் செத்தபோது விதி என்று சொன்ன அதே அமாவாசை, இப்போது குவியல்களை நாலு காலாலும் மிதித்துக் கலைத்தது. கோபம் வருவதற்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு இடம் இருக்கிறது.

எல்லோரும் குளம்பு வைத்துக் கொடுத்த தேக்கிலைகளைப் பேச்சிமுத்து ஒன்றன்பின் ஒன்றாகத் தின்று முடித்தது. "துவர்ப்பு" என்றது.

அன்றிலிருந்து கோரைக்குளத்தில் ஒரு புது வழக்கம் வந்தது. வீட்டுக்குப் போகும் முன்னும், வீட்டிலிருந்து வந்த பின்னும், எல்லோரும் சேற்றில் ஒரு புரளல். எருமைமேல் முயல் வீட்டு விதை ஒட்டியது. முயல்மேல் பன்றி வீட்டு மண் ஒட்டியது. மைனாக்கள் இரண்டு நாள் வந்து பார்த்தன. எதை எடுத்தாலும் எல்லோர் வாடையும் அடித்தது. அவை வேறு காடு பார்க்கப் போயின. கூடவே வாலில்லாமல் சிங்காரமும் போனது.

குமுதாவின் குட்டிகள் திரும்பி வரவில்லை. கதைதான் என்றாலும் அது மட்டும் நடக்காது.

பத்து நாள் போனது. சேறு நாறுகிறது என்று சிலர் முணுமுணுத்தார்கள். அரிப்பு திரும்பி வந்தது. ஒரு காலையில் வெள்ளை வெளேரென்று ஒரு கொக்குக் கூட்டம் கரையில் இறங்கியது.

"முற்றிலும் புதிய நிர்வாகம்! பழைய நிலையத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை! இலவசம்!" என்றது தலைமைக் கொக்கு.

"பாரு, எவ்வளவு வெள்ளையா இருக்காங்க!" என்று சொல்லிக்கொண்டே அமாவாசை நாலு காலையும் நீட்டிப் படுத்தது.

"இவரு முதுகுக்கு மட்டும் ஞாபகமே கிடையாது" என்றது பேச்சிமுத்து.

பூரணியின் குட்டி இப்போது நன்றாக ஓடும். தாயோடு மேயவும் வந்துவிட்டது. மருதமர நிழலில் பூரணி அதன் காதில் இருந்த உண்ணிகளை நாக்காலும் பல்லாலும் எடுத்துக்கொண்டிருந்தது. மெதுவான வேலை. குட்டி நெளிந்துகொண்டே இருக்கும். ஒரு கொக்கு நீண்ட காலை எடுத்து வைத்து அங்கே வந்தது.

"அம்மா, இதுக்கெல்லாம் நீங்க ஏன் சிரமப்படணும்? குட்டியை எங்ககிட்ட விடுங்க! பேர் என்ன? எங்க படுக்கும்?"

பூரணி தலையைத் தூக்கிக் கொக்கைப் பார்த்தது. "உண்ணி வேணும்னா தரையில விழுறதைப் பொறுக்கிக்க. மத்ததெல்லாம் எங்க வீட்டு விஷயம்."

கொக்கு சிறகைக் குலுக்கிவிட்டு எருமைப் பக்கம் போனது.

இலவசமாகச் சொறிந்துவிட ஓடி வருகிறவனிடம் முதுகைக் காட்டும் முன், அவன் அங்கிருந்து எதை எடுத்துப்போய் யாரிடம் கொடுப்பான் என்று கேட்காதவர்கள், தங்களை மட்டுமல்ல, தங்களை நம்பிப் புல்லுக்குள் அசையாமல் கிடப்பவர்களையும் சேர்த்தே காட்டிக்கொடுக்கிறார்கள்.

பூரணி நெளிந்த குட்டியைக் காலால் அணைத்து இழுத்து, மற்ற காதை நக்க ஆரம்பித்தது.